கெதார், கெதார்ஸெ: ஒரு வினை, எத்தனை வேலை?

நொச்சி

ஸ்பானிஷில் பி1 என்ற நடுத்தர நிலைக்கு வந்தவங்க எல்லாரும் இந்த வினையில ஒரு தடவையாவது முட்டி நிப்பாங்க. அகராதியில தங்கு, மிஞ்சு, அமைந்திரு, பொருந்து, ஆகிவிடு, சந்திக்க ஏற்பாடு செய் என்று வரிசையா ஓடுது. எனக்குச் சிக்கல் இந்த மூணு வாக்கியத்துல:

எ கெதாதொ கொன் மார்த. (மார்த்தாவைப் பார்க்கிறதா ஏற்பாடு.)
மெ எ கெதாதொ கொன் மார்த. (மார்த்தாவோட தங்கிட்டேன்.)
மெ எ கெதாதொ கொன் எல் லீப்ரொ. (புத்தகத்தை நானே வெச்சுக்கிட்டேன்.)

முதல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு 'மெ'. அது எப்படி அர்த்தத்தையே மாத்துது? ஒவ்வொண்ணையும் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா, இல்ல பிடிச்சுக்க ஒரு கயிறு இருக்கா?

வினைத்தொகை

கயிறு இருக்கு. அதுக்கு முன்னால எழுத்து முறையைச் சொல்லிடறேன். இந்த இழையில அழுத்தம் விழுற அசைக்கு நெடில், மத்ததுக்குக் குறில் போடுவோம். இந்த வினைக்கு அது ரொம்ப முக்கியம். கேதொ என்றால் 'நான் தங்குறேன்'. கெதோ என்றால் 'அவர் தங்கினார், அது ஆச்சு'. ஸ்பானிஷில் ரெண்டாவதுல கடைசி எழுத்து மேல ஒரு சாய்கோடு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ஸ்பானிஷ்ல குறில் நெடில் பேதம் கிடையாது. உயிரை இழுக்காதீங்க, அந்த அசையை அழுத்துனாப் போதும். நடுவில வர்ற 'த' நம்ம 'அது'ல வர்ற 'து' மாதிரி மெத்தென்று வரணும். முதல் 'கெ' நம்ம 'கெட்டி'யில வர்ற கெ. ரெண்டுமே தமிழ் வாய்க்குப் பழகினதுதான்.

இப்போ கயிறு. இந்த வினை லத்தீன் 'க்வியெதாரெ'யிலிருந்து வந்தது. அமைதிப்படுத்து, அடங்கச் செய் என்று அர்த்தம். மெல்லிய குரல்ல பேசுறதை இன்னிக்கும் ஸ்பானிஷ்ல 'கேதொ' என்று சொல்றது உண்டு. ஊரடங்குக்கு ஸ்பானிஷ் பேர் 'தோகெ தெ கேத'. ராத்திரி எல்லாரும் வீடடங்கணும் என்று மணி அடிக்கிற பழைய வழக்கத்திலிருந்து வந்தது. 2020 பெருந்தொற்று சமயத்துல ஸ்பெயின், சிலே, பெரு செய்திகள்ல தினம் அடிபட்ட சொல் இது. அதே வருஷம் நாம தினம் கேட்ட 'ஊரடங்கு'க்குள்ளயும் இருக்கிறது அதே 'அடங்கு'.

ஆக, உள்ளே இருக்கிற கருத்து இதுதான்: ஒரு அசைவு அடங்கின பிறகு எது, எங்கே, எந்த நிலையில் நிக்குது. காசு செலவாகி அடங்கினா, மிச்சம் நிக்கும். பேச்சு அடங்கினா, முடிவு நிக்கும். சந்திக்கிற நேரம் நிக்கும். சமையல் முடிஞ்சா, ருசி எப்படி வந்திருக்கோ அது நிக்கும். சட்டையைப் போட்டு முடிச்சா, உடம்புல எப்படி உட்காருதோ அது. எல்லாரும் கிளம்பிப் போனா, கிளம்பாதவன் நிப்பான். அகராதியில ஆறு அர்த்தமாத் தெரியறது இந்த ஒண்ணோட ஆறு முகம்.

உங்க முதல் வாக்கியத்துல பேச்சு முடிஞ்சு, மார்த்தாவோட ஒரு ஏற்பாடு நிக்குது. 'மெ' சேர்ந்தா நிக்கிறது நீங்களே. மார்த்தா பக்கத்துல, இல்லாட்டி புத்தகத்தோட.

கடற்காகம்

முதல் வாக்கியத்துல காலத்தையும் கவனிக்கணும். 'எ கெதாதொ' பார்க்கிறதுக்கு முடிஞ்சுபோன காலம். ஆனா சந்திப்பு இன்னும் நடக்கல, இனிமேதான் நடக்கப் போகுது. 'நோ புவேதொ, எ கெதாதொ' என்று ஸ்பெயின்காரர் சொன்னா, அதுல யாரு, எங்க என்று எதுவும் இல்லை. 'முடியாதுங்க, வேற ஒருத்தர்கிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கேன்' என்று நாம சொல்றோமே, அச்சா அதேதான். 'சொல்லியிருக்கேன்' என்ற காலத்தை அப்படியே வைச்சுக்குங்க. இதை 'சந்திச்சேன்' என்று புரிஞ்சுக்கிட்டா உரையாடலே தடம் மாறிடும்.

காதால கேக்கிறப்போ இன்னொண்ணு. ஸ்பெயின்ல பேச்சு வழக்குல 'ஆதொ'வில உள்ள 'த' கரைஞ்சு 'எ கெதாஒ' என்று காதுல விழும். ஒலிப்பதிவுல 'கெதாதொ'வைத் தேடிக்கிட்டே இருந்தா வாக்கியம் தாண்டிப் போயிடும்.

பனங்குருத்து

மிச்சம் என்ற பொருளுக்கு யாழ்ப்பாணப் பேச்சிலை இருந்து ஒரு வழி சொல்லுறன். 'போத்திலுக்கை இன்னும் பால் கிடக்கு', 'செய்ய வேலை கனக்கக் கிடக்கு' எண்டு நாங்கள் சொல்லுறம்தானே? அந்தக் 'கிடக்கு' இருக்கிற இடத்திலை 'கேத'வைப் போட்டுப் பாருங்கோ. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பொருந்தும்.

கேத லேச்செ. (பால் கிடக்கு.)
கேத மூச்சொ பொர் அஸேர். (செய்ய நிறையக் கிடக்கு.)
கேதன் த்ரேஸ் கபீதுலொஸ் பொர் லெஏர். (வாசிக்க மூண்டு அத்தியாயம் கிடக்கு.)

'பொர்' எண்டதுக்குப் பிறகு வினையின்ரை மூல வடிவம் வரும். 'செய்ய', 'வாசிக்க' எண்ட எங்கடை வினையெச்சத்தின்ரை வேலையை அது செய்யுது.

கிட, கெத எண்டு ஒலி ஒத்துப் போறது தற்செயல். உறவுமுறை ஒண்டும் இல்லை. ஞாபகத்துக்கு மட்டும் வைச்சிருங்கோ.

வினைத்தொகை

அருமை. இதுல தமிழ் படிச்சவங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு. 'மெ கேதன் தோஸ் பேஸொஸ்' என்றால் 'எனக்கு ரெண்டு பேஸோ மிச்சம் இருக்கு'. எழுவாய் நான் இல்லை, ரெண்டு பேஸோ. அதனாலதான் வினை பன்மையில 'கேதன்'. 'எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது' என்று நான்காம் வேற்றுமையிலயே வளர்ந்தவங்களுக்கு 'மெ' புதுசே இல்லை. இங்கிலீஷ் வழியாப் போய் 'ஐ ஹேவ் டூ பேஸோஸ் லெஃப்ட்' என்று யோசிக்கிறப்போதான் 'யோ கேதொ தோஸ் பேஸொஸ்' என்ற பிழை பிறக்குது. அது அர்த்தமே இல்லாத வாக்கியம். நேராத் தமிழ்லேர்ந்து ஸ்பானிஷுக்குப் போங்க, நடுவுல இறங்காதீங்க.

பொருள் ஒண்ணா, பலவா என்று பாருங்க: கேத தியேம்பொ (நேரம் இருக்கு), கேதன் தியேஸ் மினூதொஸ் (பத்து நிமிஷம் இருக்கு). நமக்குப் பேச்சுல ரெண்டுக்கும் 'இருக்கு'தான். அதனால தமிழர் அதிகம் தப்பு பண்ற இடம் இந்தப் பன்மை.

நொச்சி

'மிச்சம்' என்று சொல்ற இடத்துல எல்லாம் இதையே போடலாமா? 'ஸொப்ரார்' என்று ஒண்ணு இருக்கே. அப்புறம் 'ஃபல்தார்'?

பிழைதிருத்தி

இது மூணும் ஒரே குடும்பம். தமிழ்ல 'மிச்சம்' முதல் ரெண்டையும் மூடிடும், அதான் குழப்பம். ஒரு விருந்தைக் கண் முன்னால வைங்க.

பத்து நாற்காலி போட்டிருக்கு, வந்தவங்க எட்டு பேர். எல்லாரும் உட்கார்ந்தாச்சு. ஸோப்ரன் தோஸ் ஸீயஸ். ரெண்டு நாற்காலி தேவைக்கு மேல, எடுத்து ஓரமா வெச்சுடலாம்.

அதே பத்து நாற்காலி, எட்டு பேர் உட்கார்ந்துட்டாங்க, இன்னும் ஆள் வந்துக்கிட்டே இருக்கு. கேதன் தோஸ் ஸீயஸ். இன்னும் ரெண்டு இருக்கு, வாங்க உட்காருங்க.

பன்னெண்டு பேர் வந்துட்டாங்க. ஃபால்தன் தோஸ் ஸீயஸ். ரெண்டு குறையுது, எங்கிருந்தாவது கொண்டு வரணும்.

கடையில கல்லாப்பெட்டி முன்னால நிக்கிறப்போ இது விளையாட்டு இல்லை. 'மெ கேதன் தோஸ் பேஸொஸ்' என்றால் கையில ரெண்டு மிச்சம். 'மெ ஃபால்தன் தோஸ் பேஸொஸ்' என்றால் விலைக்கு ரெண்டு பத்தலை. ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர்.

நேரத்தைச் சொல்றப்போ மட்டும் ரெண்டும் கைகோர்த்துக்கும். பண்டிகைக்கு ரெண்டு நாள் இருக்கு என்பதுக்கு 'கேதன் தோஸ் தீயஸ்' என்றாலும் 'ஃபால்தன் தோஸ் தீயஸ்' என்றாலும் சரி. முதல்ல கையில இருக்கிற நாளை எண்றோம், ரெண்டாவதுல போய்ச் சேர வேண்டியதை எண்றோம்.

ஒரு சின்ன விஷயம்: 'பால் இல்லை, தீர்ந்துபோச்சு' என்பதுக்கு 'நோ கேத லேச்செ'. பாலுக்கு முன்னால 'ல' (இங்கிலீஷ் 'தி' மாதிரி) போடக் கூடாது. எந்தப் பாலுமே இல்லைங்கிறதுதான் சேதி.

தெற்குவாசல்

இடம் சொல்றதைப் பத்தி யாரும் எழுதல. லத்தீன் அமெரிக்காவுல வழி கேக்கிறப்போ காதுல விழறது இதுதான்: தோந்தெ கேத ல எஸ்தஸியோன்? ஸ்டேஷன் எங்க இருக்கு? பதில்: கேத அ தோஸ் குவாத்ரஸ், ரெண்டு தெரு முனை தள்ளி. ஸ்பெயின்ல இதைச் சொன்னாலும் புரியும், ஆனா அங்க 'எஸ்தார்' ('இரு' என்ற வினை) அதிகம். குவாத்ரஸுக்குப் பதிலா அங்க 'மன்ஸானஸ்' என்பாங்க.

இடத்தை விட்டு நகராததுக்கு மட்டும்தான் இது: கட்டடம், ஊர், ஆறு, மலை. 'தோந்தெ கேத மார்த?' என்று கேக்க முடியாது. ஆளு நடமாடுற ஆளு. சாவி, பை, வண்டிக்கும் கிடையாது. அதுக்கெல்லாம் 'எஸ்தார்'தான். வினைத்தொகை சொன்ன 'அசைவு அடங்கின பிறகு' என்ற கருத்து இங்கயும் பிடிக்குது பாருங்க.

இதுலயும் 'மெ' சேர்க்கலாம். 'மெ கேத லேஹொஸ்' என்றால் 'எனக்குத் தூரம்'. 'மெ கேத தெ கமீனொ' என்றால் 'எனக்குப் போற வழியிலதான்'. தமிழை அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கும்.

நொச்சி

சந்திப்புக்கு வர்றேன். 'கெதாமொஸ் அ லஸ் ஸியேதெ' என்று செய்தி வந்தா, 'ஏழு மணிக்குப் பார்ப்போம்' என்கிறாங்களா, 'ஏழு மணின்னு பேசி முடிச்சோம்' என்கிறாங்களா?

கடற்காகம்

ரெண்டும் ஆகும். 'நாங்கள்' வடிவத்துல நிகழ்காலமும் இறந்தகாலமும் இந்த வினைக்கு ஒண்ணுதான்: கெதாமொஸ். கேள்விக்குறி இருந்தா 'பார்ப்போமா?' என்ற அழைப்பு. அது இல்லாம, முன்னால பேச்சு நடந்திருந்தா 'பேசி முடிச்சது இதுதான்' என்ற நினைவூட்டல். 'என்' வந்து அதுக்குப் பின்னால 'கெ' வந்தா கண்டிப்பா முடிவுதான்: கெதாமொஸ் என் கெ தூ த்ராயெஸ் எல் பான். ரொட்டி நீ கொண்டு வர்றதுன்னு முடிவாச்சு.

பேச்சு இழுத்துக்கிட்டே போறப்போ ஒருத்தர் குரலை உயர்த்தி 'என் கே கெதாமொஸ்?' என்பார். 'கடைசியா என்னதான் முடிவு?' என்று கேக்கிறார். இடத்தையோ நேரத்தையோ கேக்கல. சந்திக்கிற இடம் வேணும்னா 'தோந்தெ கெதாமொஸ்?', நேரம் வேணும்னா 'அ கே ஓர கெதாமொஸ்?'

தெற்குவாசல்

எச்சரிக்கை ஒண்ணு. 'சந்திக்கலாமா' என்ற அர்த்தத்துல தனிச் சொல்லா 'கெதாமொஸ்?' என்பது ஸ்பெயின் வழக்கு. அமெரிக்கக் கண்டத்துல 'நொஸ் பேமொஸ்' தான் பொது, தென்கோடி நாடுகள்ல 'நொஸ் ஹுந்தாமொஸ்'. 'என்னன்னு முடிவு பண்ணோம்' என்பது மட்டும் எல்லா நாட்டுலயும் புரியும். மெக்ஸிகோவுல அதுக்கு 'என்' போடாம 'தெ' போடுவாங்க: கெதாமொஸ் தெ பேர்னொஸ் அ லஸ் ஓச்சொ. எட்டு மணிக்குப் பார்க்கிறதாப் பேச்சு. ஸ்பெயின் பாடப்புத்தகத்துல இது பிழைன்னு திருத்தப்படலாம். மெக்ஸிகோவுல இருக்கிறவங்க இதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பொறி 'கெதாத'. ஸ்பெயின்ல அது நாலு பேர் சேர்ந்து கூடுற நிகழ்ச்சி. மெக்ஸிகோவுல அதே சொல் கல்யாணம் ஆகாமலே இருந்துட்ட பெண்ணைக் குறிச்சு இழிவாச் சொல்றது. நாடு தெரியாம வாயில எடுக்காதீங்க.

மெக்ஸிகோவுல இன்னொண்ணு அடிக்கடி கேக்கும்: யா கெதோ. குழாய் ரிப்பேர் பண்றவர், கம்ப்யூட்டரைச் சரி பண்றவர் வேலையை முடிச்சுட்டு நிமிர்ந்து இதைச் சொல்வார். 'ஆச்சு, முடிஞ்சது.'

வினைத்தொகை

இனி 'ஸெ'. ஆளுக்குத் தகுந்தபடி இதுவே 'மெ' (நான்), 'தெ' (நீ) என்று மாறும். இதுக்கு நான் வெச்சிருக்கிற விதி: தமிழ்ல 'கொள்' துணைவினை வர்ற இடத்துல ஸ்பானிஷ்ல 'ஸெ' வரும்.

மெ கேதொ அகீ. நான் இங்கேயே இருந்துக்கறேன்.
மெ லொ கேதொ. அதை நான் வெச்சுக்கறேன். (கடையில சொன்னா, 'இதையே எடுத்துக்கறேன்'.)
கேதெஸெ கொன் எல் காம்பியொ. மீதியை நீங்களே வெச்சுக்குங்க.

பிழைதிருத்தி

> தமிழ்ல 'கொள்' துணைவினை வர்ற இடத்துல ஸ்பானிஷ்ல 'ஸெ' வரும்

பாதிதான் சரி, மன்னிக்கணும். 'மெ கெதே தொர்மீதொ' என்பதை 'தூங்கிக்கொண்டேன்' என்று யாராவது சொல்வாங்களா? 'தூங்கிப் போயிட்டேன்.' 'மெ கெதே ஸின் பதெரீய' என்பதுக்கு 'பேட்டரி இல்லாமப் போச்சு'. இங்க வேலை செய்யறது 'போ', 'கொள்' இல்லை. உங்க விதியை வெச்சுக்கிட்டுத் தேர்வு எழுதினா பாதி இடத்துல 'ஸெ' விட்டுப்போகும்.

வினைத்தொகை

ஒத்துக்கறேன், சரியான திருத்தம். அப்போ இப்படிப் பிரிப்போம். ஆள் தன் விருப்பத்துல நின்னா 'கொள்'. ஆள் கையை மீறி ஒரு நிலை வந்து நின்னா 'போ'. ரெண்டுக்கும் ஸ்பானிஷ்ல 'ஸெ' தான்.

சோதிக்க ஒரு வழி: ஏவிப் பாருங்க. 'கேததெ அகீ' (இங்கேயே இரு) சொல்லலாம், தமிழ்லயும் சொல்லலாம். 'தூங்கிப் போ' என்று யாரும் ஏவ மாட்டாங்க. ஆனா 'தூங்கிப் போயிடாதே' என்போம். ஸ்பானிஷும் அப்படியே: 'நோ தெ கேதெஸ் தொர்மீதொ' சர்வ சாதாரணம். விருப்பம் இல்லாம வர்ற நிலையைத் தடுக்கச் சொல்லலாம், செய்யச் சொல்ல முடியாது.

அந்தப் 'போ' பட்டியலைப் பார்த்தா தமிழும் ஸ்பானிஷும் பேசி வெச்ச மாதிரி இருக்கும்:

கெதார்ஸெ தெ பியேத்ர: கல்லாய்ச் சமைந்து போதல்.
கெதார்ஸெ எலாதொ: உறைந்து போதல்.
கெதார்ஸெ பொகியபியேர்தொ: வாயடைத்துப் போதல். (ஸ்பானிஷ்காரருக்கு வாய் திறந்துக்கும், நமக்கு அடைச்சுக்கும்.)
கெதார்ஸெ என் ப்லாங்கொ: தேர்வு மேசையில உட்கார்ந்ததும் படிச்சது எதுவும் ஞாபகம் வராமப் போறது.

பால் வேறுபாட்டை மறக்காதீங்க. சொல்றவர் பெண் என்றால் தொர்மீத, எலாத, பொகியபியேர்த. 'தெ பியேத்ர', 'என் ப்லாங்கொ' மாறாது.

பிழைதிருத்தி

இதையும் சேர்த்துக்குங்க: 'ஆகுதல்' என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஸ்பானிஷ்ல நாலு வினை போட்டி போடும். கோபம், வெட்கம், சிவந்த முகம் மாதிரி வந்து போறதுக்கு 'பொனேர்ஸெ'. குணமே மாறிப்போறதுக்கு 'பொல்பேர்ஸெ'. முயற்சி பண்ணி டாக்டர், பணக்காரர் ஆறதுக்கு 'அஸேர்ஸெ'. ஒண்ணை இழந்து, அந்த இழப்போட நிக்கிறதுக்கு 'கெதார்ஸெ': கண் பார்வை போனா ஸியேகொ, காது போனா ஸோர்தொ, முடி போனா கால்பொ, கணவரை இழந்தா பியூத. வேலை போனா 'ஸின் த்ரபாஹொ'.

கர்ப்பம் மட்டும் இழப்பு இல்லாம இங்க உட்கார்ந்திருக்கு. ஸ்பெயின்ல 'கெதார்ஸெ எம்பரஸாத' அதிகம், அமெரிக்க நாடுகள்ல 'ஸெ' இல்லாமலும் சொல்வாங்க. எம்பரஸாத என்றால் கர்ப்பம்தான். இங்கிலீஷ் சொல் மாதிரி காதுல விழுதேன்னு 'கூச்சமாப் போச்சு' என்ற அர்த்தத்துல சொல்லி மாட்டிக்காதீங்க.

நொச்சி

பத்திரிகையில 'தோஸ் பெர்ஸோனஸ் கெதாரொன் எரீதஸ்' என்று ரெண்டு பேர் காயம் பட்டதை 'ஸெ' இல்லாமத்தான் எழுதறாங்க. அதுவும் கையை மீறினதுதானே?

கடற்காகம்

நல்ல கேள்வி. அங்க பார்வை வெளியிலிருந்து. நடந்த சம்பவத்தோட கணக்கு அது: விபத்து முடிஞ்சது, விளைவு இது. வீடு இடிஞ்சது, சாலை மூடினது, ஆள் காயம் பட்டது எல்லாம் பத்திரிகை நடையில 'ஸெ' இல்லாம வரும். வெறும் விளைவு. அந்த ஆள் அதை எப்படி உணர்ந்தார், அவருக்குள்ள என்ன ஆச்சு என்று உள்ளே போனா 'ஸெ' ஒட்டிக்கும். 'கெதோ ஸியேகொ', 'ஸெ கெதோ ஸியேகொ' ரெண்டும் சரி. எழுதுறப்போ சந்தேகம் வந்தா: அறிக்கை என்றால் 'ஸெ' வேண்டாம், பேச்சு என்றால் போடுங்க. 'தூங்கிப் போ'வுக்கு மட்டும் 'ஸெ'யை விடாதீங்க.

அரசாங்க மொழியும் 'ஸெ' இல்லாததுதான். சுவர்ல 'கேத ப்ரொஇபீதொ ஃபுமார்' என்றால் புகைபிடிக்கத் தடை. அலுவலகக் கடிதத்தோட கடைசி வரி 'கேதொ அ ல எஸ்பேர தெ ஸு ரெஸ்புவேஸ்த'. தங்கள் பதிலை எதிர்நோக்கி என்று நாம முடிக்கிற அதே வரி. இதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கலாம், தேர்வுல முறையான கடிதம் எழுதச் சொன்னா உதவும்.

பனங்குருத்து

உடுப்பு, சாப்பாடு ரெண்டும் விடுபட்டுப் போச்சு. 'ல கமீஸ தெ கேத பியேன்': சட்டை உனக்கு வடிவாய் இருக்கு. சப்பாத்துப் பெரிசெண்டால் 'மெ கேதன் க்ராந்தெஸ் லொஸ் ஸபாதொஸ்'. சப்பாத்து சோடி எண்டபடியால் வினையும் பன்மை, 'பெரிசு' எண்டதும் பன்மை. மூண்டும் சேர்ந்து மாறவேணும்.

ஆனால் சின்னனாப் போச்சு எண்டால் ரெண்டு விதம். இப்ப கடையிலை போட்டுப் பார்க்கேக்கை இறுக்குது: மெ கேத பெகேஞொ. பிள்ளை வளர்ந்து, போன வருசம் அளவாய் இருந்தது இப்ப போட ஏலாமல் போச்சு: ஸெ லெ எ கெதாதொ பெகேஞொ. 'ஸெ' வந்தால் ஒரு மாற்றம் நடந்திருக்கு.

சமைச்ச ஆளைப் பாராட்ட 'தெ கெதோ ரீக ல ஸோப'. சூப் நல்லாய் வந்திருக்கு. இதிலை 'உன்ரை கையாலை' எண்ட பாராட்டு அந்தத் 'தெ'க்குள்ளை இருக்கு. அது இல்லாமல் 'சூப் நல்லா இருக்கு' எண்டு மட்டும் சொன்னால் பாராட்டுப் போறது சூப்புக்கு.

தெற்குவாசல்

சாமானைத் தவறவிட்டதுக்கும் இது உண்டு: 'ஸெ மெ கெதோ எல் ஸெலுலார் என் எல் தாக்ஸி'. போனை டாக்சியிலேயே விட்டுட்டேன். எழுவாய் போன். நான் வேணும்னு விடல, அதுவா அங்க தங்கிப்போச்சு என்று பழியை இறக்கி வைக்கிற அமைப்பு. அமெரிக்க நாடுகள்ல இது தினப் பேச்சு. ஸ்பெயினோட மேற்குப் பகுதியில 'சாவியை வீட்டுல விட்டேன்' என்பதுக்கு 'கெதே லஸ் யாபெஸ்' என்று நேராவே சொல்றது உண்டு. அது வட்டார வழக்கு, தேர்வுல எழுதாதீங்க. பொதுமொழியில 'தெஹே லஸ் யாபெஸ்'.

விளையாட்டு முடிவும் இந்த வினைதான். 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துல கூடுதல் நேரமும் முடிஞ்சப்போ ஆர்ஹெந்தீனாவும் (அர்ஜென்டினா) பிரான்ஸும் 'கெதாரொன் த்ரேஸ் அ த்ரேஸ்', மூணுக்கு மூணு. பெனால்டியில 4-2 என்று ஆர்ஹெந்தீனா ஜெயிச்ச பிறகு பிரான்ஸ் 'கெதோ ஸெகூந்த', ரெண்டாவதா நின்னது. 'நின்னது' என்று தமிழ்லயே வந்துடுச்சு பாருங்க.

பிழைதிருத்தி

'கொன்' வர்ற இடங்களை ஒரு தடவை வரிசையாப் பார்த்துடுவோம், நொச்சி அங்கதான் தொடங்கினார்.

'கெதார் கொன்' என்றால் ஆளோட ஏற்பாடு. 'கெதார் பியேன் கொன்' என்றால் ஒருத்தர்கிட்ட நல்ல பேர் எடுக்கிறது, 'மால்' போட்டா பேர் கெடுறது. மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோட போனா 'கெதார் மால்'. 'கெதார்ஸெ கொன்' பொருளோட வந்தா வெச்சுக்கறது. 'ஆம்ப்ரெ' (பசி) வந்தா சாப்பிட்டும் பசி அடங்காம எழுந்திருக்கிறது. 'லஸ் கானஸ்' வந்தா ஆசை நிறைவேறாம நின்னுபோறது. ஸ்பெயின்ல ஆளோட வந்தா இன்னொரு அர்த்தமும் உண்டு: 'தெ எஸ்தாஸ் கெதாந்தொ கொன்மீகொ?' என்றால் 'என்னைக் கிண்டல் பண்றியா?' அதனால உங்க ரெண்டாவது வாக்கியத்தை, 'மெ எ கெதாதொ கொன் மார்த', சூழல் இல்லாம எழுத வேண்டாம். தங்கினதா, ஏமாத்தினதா என்று ரெண்டு விதமாவும் படிக்கலாம். 'என் காஸ தெ மார்த' என்று வீட்டைச் சேர்த்துட்டா சந்தேகம் தீர்ந்தது.

நொச்சி

எல்லாருக்கும் நன்றி. நாலு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், திருத்துங்க.

1. மெ கேத தோஸ் தீயஸ். (எனக்கு ரெண்டு நாள் இருக்கு.)
2. தோந்தெ கேத மி மோபில்? (என் போன் எங்க இருக்கு?)
3. எஸ்த தார்தெ மெ எ கெதாதொ கொன் ஊன அமீக. (இன்னிக்குச் சாயங்காலம் ஒரு தோழியைப் பார்க்கணும்.)
4. நோ மெ கேத ஓத்ர. (எனக்கு வேற வழியில்லை.)

பிழைதிருத்தி

1: கேதன். நாள் ரெண்டு.
2: தோந்தெ எஸ்தா மி மோபில். போன் நகரும் பொருள்.
3: 'மெ'யை எடுத்துடுங்க. அதோட படிச்சா சாயங்காலம் தோழியோட தங்கிட்டதா ஆகும், வரப்போற சந்திப்பு காணாமப் போயிடும்.
4: சரி. இன்னும் அழுத்தம் வேணும்னா 'நோ மெ கேத மாஸ் ரெமேதியொ'. அதுக்கப்புறம் என்ன செய்யணும் என்று தொடரணும்னா 'கெ' போட்டு மூல வடிவத்தைச் சேருங்க: நோ மெ கேத மாஸ் ரெமேதியொ கெ எஸ்பெரார். காத்திருக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

நொச்சி

மூணாவதுல மறுபடியும் அதே 'மெ'! 'எஸ்த தார்தெ எ கெதாதொ கொன் ஊன அமீக.' இப்போ?

கடற்காகம்

யா கெதோ.